ஐந்தாவது ட்ராக்கில் ஒரு சிரிப்பு

...இதையா இசை என்கிறாள், குளிர்சாதனப் பெட்டியின் உறுமலை இழுத்து இழுத்துப் பாதாளத்துக்குள் இறக்கியது போல ஒரு சத்தம், அதன் மேல் எங்கள் குளியலறைக் கதவு, ஆமாம், எங்கள் கதவுதான், கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லி எத்தனை தடவை கத்தினேன், இப்போது யாரோ அதன் கழுத்தை நெரிக்கிறாற்போல் அலறுகிறது... இந்த ஹெட்போன் வேறு காதை வேகவைக்கிறது. மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நகம் கடிக்கிறாள். வீட்டில் அங்கங்கே போனை வைத்துப் பிடித்த சத்தங்களாம், வெட்டி ஒட்டி ஆல்பமாக்கியிருக்கிறாள், நாளைக்கு வெளியீடாம். எப்படி விடுவது, நம் வீட்டுப் பேச்சு நான்கு சுவருக்குள் இருக்க வேண்டாமா, சொந்தக்காரர்கள் காதில் விழுந்தால் எந்த முகத்தோடு கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருவேன்? முழுக்கக் கேட்ட பிறகுதான் சம்மதம் என்றேன். அவளும் பிடிவாதக்காரி, என் ரத்தமாயிற்றே. "நீங்க வேணாம்னா வெளியிட மாட்டேன்ப்பா. ஆனா நடுவுல கழட்டக்கூடாது" என்றுவிட்டாள்.

நான்கு ட்ராக் போயிற்று, மானம் போகிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை, அகப்பட்டிருந்தால் எழுந்து போயிருக்கலாம். இது ஐந்தாவது. தூரத்தில் பெண்கள் பேச்சு, வார்த்தை பிடிபடவில்லை, அதிலிருந்து ஒரு சிரிப்பு மேலே மேலே ஏறி, மூச்சு முட்டி, அடங்கப் பார்த்து, மறுபடி பீறிட்டு... பிறகு ஒரு கனைப்பு. எல்லாம் சட்டென்று நின்றுவிடுகிறது. கனைப்பு என்னுடையது. அறைக்குள் நுழையுமுன் கனைப்பேன், பெண்கள் பேசுகிற இடத்தில் திடுதிப்பென்று போய் நிற்கக்கூடாது, அது ஒரு மரியாதை, எங்கள் அப்பாவும் அப்படித்தான். மறுபடி சிரிப்பு, மறுபடி கனைப்பு, அமைதி. மறுபடியும். என் கனைப்பைத் தடிமனாக்கி டிரம்மாக அடிக்கிறாள், ஒவ்வொரு அடிக்கும் வீடு செத்துப்போகிறது. கிண்டலா? சரி, அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன், இந்தச் சிரிப்பு யாருடையது? என் தங்கை இல்லை, அவள் மூக்கால் சிரிப்பாள். மகளும் இல்லை, அவள் குரல் தனியாகக் கேட்கிறது. யாரோ வெளியாள், நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, கொஞ்சமும் அடக்கமில்லாமல்...

"யாரு இது? யார் வீட்டுப் பொண்ணு இப்படிச் சிரிக்குது?" காதில் மாட்டியதைக் கழற்றாமலே கேட்கிறேன், குரல் பெரிதாகத்தான் போயிருக்கும்.

மகள் கையை வாயிலிருந்து எடுக்கிறாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலாம்.

"அம்மாப்பா."

அம்மா என்றால்... இவளா, பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாளே, இவளா? சிரித்தால் உதட்டோரம் மட்டும் அசையுமே, என் மனைவி அதிர்ந்து பேசமாட்டாள் என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். எதற்குச் சிரித்தாள்? மகளிடம் கேட்கலாம், கேட்கமாட்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, வாய்வரை வந்துவிட்டது, குடும்ப மானம் என்று காரணமும் கைவசம் இருக்கிறது, யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். ஆனால் இதில் மானத்துக்கு என்ன குறை, ஒருத்தி தன் வீட்டில் சிரிக்கிறாள்... நாளையிலிருந்து முகம் தெரியாத யார் யாரோ அதை வேண்டியமட்டும் கேட்பார்கள். என்னால் பொறுக்க முடியாதது அதுதானா?

"என்னப்பா, வேணாமா?"

"இன்னொரு தடவை போடு" என்கிறேன். முடிவைத் தள்ளிப்போடுவதாக நினைத்துக்கொள்ளட்டும்... நான் கனைத்துக்கொண்டு உள்ளே வருவதற்கு முன்னால் அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும்.