சிவப்புத் துணி கட்டிய கூடு

கண்காணிப்புக் கோபுரத்தின் உச்சியில் நின்ற பெண் வனக்காவலர் தொலைநோக்கியைத் திருப்பினாள்.

புல்வெளியின் கிழக்கு ஓரத்தில் புகை!

அங்கேதான் பெருங்கொக்கின் கூடு. மழை பொய்த்ததால் சதுப்பை விட்டுப் புல்லுக்குள் வந்து இட்ட இரண்டு முட்டைகள். இந்தப் பூங்கா பல வருடங்களாகக் காத்திருந்த முட்டைகள். யாரும் மிதித்துவிடக் கூடாதென்று, நேற்று அவளேதான் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டினாள்.

காவலர்களுக்குச் சிவப்பு என்றால் 'நெருங்காதே'. பழம்புல்லை ஆண்டுதோறும் பகுதி பகுதியாக எரிக்கும் தீக்குழுவுக்கோ, 'இங்கே கொளுத்து'. எப்படி மறந்தாள்?

வாக்கிடாக்கியில் கத்தினாள். பதில் இல்லை. தீக்குழுத் தலைவர் அவள் வீட்டுக்காரர். "இன்னைக்கு முழுக்க உன் குரலே கேக்கக் கூடாது" என்று காலையில் சண்டை போட்டுவிட்டுப் போனவர். சொன்னதைச் செய்கிற மனுஷன், அணைத்தே வைத்துவிட்டார்.

ஓடினாள். வற்றிய சதுப்பின் சேறு ஒரு பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டது. போகட்டும் சனியன்!

"நிறுத்துங்க! உள்ள கூடு இருக்கு!"

"கூடா? துணி கட்டியிருந்துச்சே!" என்றார் வீட்டுக்காரர்.

"கட்டினதே நான்தான்!"

"நல்லா கட்டினே போ! காத்து வேற கூட்டுப் பக்கமே அடிக்குது. தண்ணி வண்டி வர்றதுக்குள்ள எல்லாம் சாம்பல். தள்ளி வா, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்றது?"

"சமைக்கக் கத்துக்குங்க. அந்தத் தீப்பந்தத்தைக் குடுங்க."

"எதுக்குடி?"

"பெரிய தீ வர்றதுக்கு முன்னாடி, குறுக்கே நானே ஒரு பட்டை புல்லைக் கொளுத்திடறேன். எரிய ஒண்ணுமில்லேன்னா அது எப்படித் தாண்டும்? கூட்டுப் பக்கம் திரும்புறதை ஈரச் சாக்கால அடிங்க!"

அவர் வாய் திறப்பதற்குள் பந்தம் அவள் கையில். புகை கண்ணைக் கரித்தது. குனிந்தபடியே கொளுத்திக்கொண்டு ஓடினாள். பின்னால் சாக்குகள் சளார் சளாரென்று விழுந்தன. மேலே கொக்கு அலறி வட்டமிட்டது.

பெருந்தீ சீறிக்கொண்டு வந்தது. கருகிய பட்டையைத் தொட்டது. தின்ன எதுவுமின்றி, முனகிப் படுத்தது.

அவள் சிவப்புத் துணியை உருவி எறிந்தாள். வீட்டுக்காரர் தன் முகத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து நீட்டினார். அதைக் கழியில் கட்டிவிட்டு எல்லோரும் விலகினார்கள்.

கொக்கு இறங்கியது. முட்டைகளை அலகால் புரட்டியது. உட்கார்ந்தது.

"வாக்கிடாக்கியை ஆன் பண்ணுங்க," என்றாள்.

"பக்கத்துலதானே நிக்கிறே?"

"இப்ப டவருக்குப் போறேன். காலைல பாதியில விட்டது பாக்கி இருக்கு."