அரை மணி தாமதமாக வந்த மூன்று மணி

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் தங்கையிடம் சுட்டது. அவள் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே போன் போட்டு, அன்றைய வகுப்பை எனக்கும் ஒரு தடவை நடத்திவிடுவாள். நான் "ம்" கொட்டிக்கொண்டே குறிப்பெடுப்பேன். அது அவளுக்கும் தெரியும். "எழுதிக்கோக்கா. ஆனா என்னை ரொம்ப நல்லவளா காட்டாதே, ஸ்டாஃப் ரூம்ல சிரிப்பாங்க" என்பது மட்டும் நிபந்தனை.

முதல் வரிக்குப் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

காலம் ஒரு நதியைப் போல— (அடித்தாயிற்று. இரண்டாம் வகுப்பில் நதி கிடையாது. சின்ன முள், பெரிய முள், அவ்வளவுதான்.)

அந்தக் கடிகாரத்துக்கு மட்டும் வாய் இருந்திருந்தால்— (இல்லை. மேலே போவோம்.)

அந்த மாதம் என் தங்கை பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சரி, இதுவே இருக்கட்டும். அழகாக இல்லை, ஆனால் யாரும் குறை சொல்ல முடியாது.

2.

தன் பாட்டுக்கு ஓடுகிற கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது. ராத்திரி எட்டு மணியைக் காட்ட ராத்திரி வரைக்குமா உட்கார்ந்திருப்பது? அதனால் தங்கை தன் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோனாள். பேட்டரியை உருவினாள். பின்னாலிருக்கும் சின்னத் திருகைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "ஏழு மணி, பல்லு தேய்க்கணும்." ஒரு திருகு. "ஒன்பது, ஸ்கூல்." இன்னொரு திருகு. "மூணு!" வகுப்பே கூரை பிய்கிற மாதிரி கத்தும்: "வீட்டுக்கு!"

பிள்ளைகள் மணி பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். கூடவே அவள் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் கற்றுக்கொண்டார்கள். திருகைத் திருப்பினால் மணி மாறும்.

(* இது அடிக்குறிப்பு. கீழே வைத்தால் யார் படிக்கிறார்கள் என்று இங்கேயே வைக்கிறேன். காலண்டர் பாடத்திலும் இதே கூத்துதான். ஒரு பையன் வகுப்புக் காலண்டரில் செவ்வாயிலிருந்து சனி வரைக்கும் சரசரவென்று கிழித்துப் போட்டுவிட்டுப் பையை மாட்டிக்கொண்டான். "எங்கடா கிளம்பிட்டே?" "ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு டீச்சர்." அவன் முகத்தில் ஒரு துளி குறும்பு கிடையாதாம்.)

3.

இனி கதாநாயகி. வகுப்பிலேயே சின்ன உருவம் என்பதால் பட்டாணி என்று கூப்பிடுவார்கள்.

முதலில் அவளை இப்படி எழுதியிருந்தேன்: ஜன்னலோரம் உட்கார்ந்து, சோகம் ததும்பும் பெரிய கண்களால்—

போனில் படித்துக் காட்டினேன். தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரு, பட்டாணியா? அவ வாயை மூடினா அன்னைக்கு ஸ்கூலுக்கே லீவு விடணும். சோகமாம், கண்ணாம்! சும்மா கதை விடாதே."

அது என் தொழில் என்று சொல்லவில்லை. திருத்திக்கொண்டேன். பட்டாணி வாயாடி. ஆனால் மூன்று மணிக்கு பெல் அடித்ததும் மட்டும் வாய் தானாக மூடிக்கொள்ளும். எல்லோரும் போனபிறகு ஆபீஸ் ரூம் பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள், மடியில் பையோடு.

அவள் அம்மாவுக்கு ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. அங்கே ஷிப்ட் முடிவதும் மூன்று மணிக்குத்தான். மூன்றுக்கு இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, மூன்றுக்கே பள்ளி வாசலில் நிற்க வேண்டும். எப்படி ஓடி வந்தாலும் மூன்றரை ஆகிவிடும். வேறு ஆளும் இல்லை. பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, போன வாரம்தான் அம்மாவைக் கூப்பிட்டு, பட்டாணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை லேட்டானா வேற ஸ்கூல் பாத்துக்குங்கம்மா. இது ஒண்ணும் காப்பகம் இல்ல."

இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

4.

அந்தப் பள்ளியில் பாட நேரத்தில் டீச்சர்களின் போன்கள் எல்லாம் ஆபீஸ் அலமாரிக்குள் போய்விடும். பெல் அடிப்பது பியூன் அண்ணன். அவருக்கு வராந்தாக் கடிகாரம் சொல்வதுதான் வேதவாக்கு. அன்றைக்குப் பெரிய டீச்சர் வேறு ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் பட்டாணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்த வராந்தாக் கடிகாரத்தைக் கழற்றி, திருகைத் திருப்பி, மறுபடி மாட்டிவிட்டாள். சரியாக அரை மணி பின்னால். வகுப்பில் அந்த வாரம்தான் 'அரை மணி' நடந்திருந்தது. பெரிய முள் பாதிச் சுற்று. முந்தின நாள் வகுப்புப் பரீட்சையில் அவள் தப்பாகப் போட்ட அதே கணக்கு, இங்கே சரியாக வந்துவிட்டது.

அடுத்த காட்சியை நான் இப்படி எழுதியிருந்தேன்: ஒன்றும் அறியாத டீச்சர் பாடத்திலேயே மூழ்கியிருந்தாள்.

இதையும் போனில் படித்துக் காட்டினேன். தங்கை குறுக்கே புகுந்தாள்.

"அக்கா, என் கையில வாட்ச் இருந்துச்சு."

"ஏய், என்னடி சொல்றே?"

"மூணு தாண்டியாச்சு, பெல் அடிக்கலை. பட்டாணியைப் பாத்தேன். பையை மாட்டிக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தா. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சு?"

"வாட்சை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன்."

நாலு நாளாகக் கட்டி வைத்த கதை போயே போச்சு. ஆனால் இதுதான் நல்ல கதை என்று உடனே தெரிந்தது. தங்கையை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

5.

வாசலில் ஒரே களேபரம். பெற்றோர் எல்லாம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பியூன் அண்ணன் அசைந்து கொடுக்கவில்லை.

"ஏங்க, மூணே கால் ஆச்சுங்க!"

"உள்ள கடிகாரத்துல இன்னும் மூணு ஆகலை."

"இதோ என் போனைப் பாருங்க!"

"உங்க போனைப் பாத்தெல்லாம் நான் பெல் அடிக்க முடியாது. எனக்குச் சம்பளம் ஸ்கூல்ல."

(இத்தனை பேர் போனை நீட்டியும் ஒரு கடிகாரத்தை விட்டுக்கொடுக்காத மனிதர். இவருக்குத் தனிக் கதை எழுதலாம். இப்போது நேரமில்லை.)

கடைசியில் பெல் அடித்தது. பிள்ளைகள் குபுகுபுவென்று வெளியே வந்தார்கள். அதே நேரம் தெருமுனையில் பட்டாணியின் அம்மா, மூச்சிரைக்க, திட்டு வாங்கும் முகத்தோடு ஓடிவந்தாள். கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பட்டாணி பாய்ந்து போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ லேட்டே இல்ல! எல்லாரும் இப்பதான் போறாங்க பாரு!"

பின்னாலேயே மீட்டிங் முடிந்து பெரிய டீச்சரும் வந்து இறங்கினார். பெற்றோர் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர் கண் மட்டும் கூட்டத்துக்கு மேலாக இந்த அம்மாவின் மேல் வந்து நின்றது.

அம்மா வராந்தாக் கடிகாரத்தைப் பார்த்தாள். என் தங்கையைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், இப்ப மணி என்ன?"

6.

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அ) "மூணும்மா." அம்மா தப்பித்தாள். ஆனால் மணி என்பது திருப்பினால் திரும்புகிற சமாச்சாரம் என்று டீச்சர் வாயாலேயே பட்டாணி கேட்டுக்கொள்வாள். நாளைக்கும் ஸ்டூல் ஏறுவாள்.

ஆ) "மூணரைம்மா." பாடம் பிழைத்தது. பட்டாணிக்கு வேறு ஸ்கூல்.

இ) "நான்தான் பாடத்துக்காகத் திருப்பினேன், சரிபண்ண மறந்துட்டேன்" என்று தங்கை பெரிய டீச்சரிடம் பழியை ஏற்றுக்கொள்வது. இதைத்தான் எழுதி வைத்திருந்தேன், கண்ணீரோடு. தங்கை கேட்டுவிட்டு, "நான் ஏத்துக்கறது இருக்கட்டும். பட்டாணி விடுவாளா? 'டீச்சர் இல்ல, நான்தான்'னு கையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி வந்து நிப்பா. சரியா திருப்புனதுல அவளுக்கு அவ்வளவு பெருமை" என்றாள். அதுவும் போச்சு.

அப்படியானால் நிஜத்தில் அவள் என்னதான் சொன்னாள்? என்னிடம் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சரி என்றோ தப்பு என்றோ தலையாட்டிவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பெரிய டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறார். அந்த அம்மா உங்களைத்தான் கேட்கிறாள். பட்டாணி அம்மாவின் இடுப்பை விடாமல், தலையை மட்டும் தூக்கி உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்கள் டீச்சர்.