ருசி பார்த்தவளின் நடுக்கம்

மதுபான ஆலையில் ருசி பார்த்துக்கொண்டிருந்தவள் குடியை நிறுத்திய மறுநாள் காலை, அவள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டிடம் நடுங்க ஆரம்பித்தது. நிலநடுக்கம் இல்லை; பக்கத்து மொட்டைமாடியில் காய்ந்த துணிகூட அசையவில்லை. இங்கே மட்டும் தட்டுகள் அலமாரியை விட்டு இறங்கின, தண்ணீர்த் தொட்டியில் அலை எழுந்தது, முதல் மாடியில் முகம் மழித்துக்கொண்டிருந்த வங்கி அதிகாரி பாதி மீசையை இழந்தார். மூன்றாம் மாடியில், வெளியே பூட்டுப் போட்ட அறைக்குள், அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். அவள் கை எந்த வேகத்தில் நடுங்கியதோ, அதே வேகத்தில்தான் கட்டிடமும் நடுங்கியது.

அவளுக்குக் குடிக்கக் கற்றுக்கொடுத்ததே ஆலைதான். வேதியியல் படித்தவள். மூக்கு கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை என்று சேர்த்துக்கொண்டார்கள். ருசி பார்ப்பவர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிடுவது வழக்கம். இந்த ஆலையின் மேலாளர் துப்பக் கூடாது என்றார். வாங்குகிறவன் துப்பவா வாங்குகிறான், விழுங்கினால்தானே தொண்டையில் எப்படி எரிகிறது என்று தெரியும் என்பது அவர் வாதம். காலையில் ஒரு வரிசைக் கோப்பை, மதியம் ஒரு வரிசை, அவள் விழுங்கினாள். ஆண்டு விழாவில் கேடயம் கொடுத்தார்கள். சில வருடங்களில், விடுமுறை நாட்களில் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு வாய் உள்ளே போனால் நின்றது. பிறகு எல்லாக் காலைகளுக்கும் அந்த ஒரு வாய் தேவைப்பட்டது. மேலாளரின் மேசையில் கோப்பையைச் சிந்திய அன்று, குடிப்பழக்கம் உள்ளவர்களை வேலையில் வைத்துக்கொள்ள ஆலையின் விதி இடம் தராது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த விதியை எழுதியவர் சிரிக்காமல்தான் எழுதியிருப்பார்.

அவள் கணவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். காலையில் பாட்டிலைத் திறக்கக்கூட அவள் விரல்களால் முடியாது. அவன் திறந்து, ஊற்றி, வாயருகே பிடித்துவிட்டு டூட்டிக்குப் போவான். "உன் ஓட்டை வண்டிகூட இப்படிக் குலுங்காதுப்பா" என்பாள். அவன் சிரித்து வைப்பான். கட்டிடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே ஆண்கள் குடித்துவிட்டு மாடிப்படியில் வாந்தியெடுத்தால் அது வேலை அசதி. இவள் சாத்திய கதவுக்குப் பின்னால் குடித்தால் தெருவுக்கே மானக்கேடு. "எங்க வீட்லயும் பொம்பளைப் பிள்ளைங்க இருக்கு சார். ஒண்ணு அவங்க நிறுத்தணும், இல்ல நீங்க காலி பண்ணணும்" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். டாக்டர் ஒருவரிடம் போனார்கள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே, கட்டுப்பாடு வேணும்மா என்று சொல்லி அனுப்பினார்.

வழி சொன்னது அவளுடைய அண்ணன். கிடங்கு மேற்பார்வையாளர், எதையும் பூட்டி வைத்தால் கெடாது என்று நம்பியே காலம் தள்ளியவர். "எல்லாம் மனசுதான் மாப்ள. ஒரு வாரம் அடைச்சு வெச்சா தானா வழிக்கு வந்துடுவா. கத்துவா. நீ காதுல பஞ்ச வெச்சுக்க." அவளும் ரோஷக்காரி. "பூட்டுண்ணா, பாத்துடலாம்" என்றாள். வீட்டிலிருந்த பாட்டில்களை எல்லாம் கழுவுதொட்டியில் கவிழ்த்தார்கள். அண்ணன் அவளை அறைக்குள் விட்டுப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார்; கணவன் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் விடிந்ததும் டூட்டிக்குப் போனான்.

அவன் போன பிறகுதான் கட்டிடம் நடுங்கியது. மானத்துக்காகப் பேசிய அதே செயலாளர் மூன்றாம் மாடிக்கு ஓடிவந்து, "ஐயோ, ஒரு வாய் ஊத்தித் தொலைங்க சார், கட்டிடம் விழுந்துரும்!" என்று கதவைத் தட்டினார். அண்ணன் உள்ளே, அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "விஷம் இறங்குது. இறங்கட்டும்" என்றார், நாற்காலியோடு ஆடியபடி.

இரண்டாவது நடையில் பஸ் அந்தத் தெரு முனையைக் கடந்தபோது, குடியிருப்பவர்கள் எல்லாம் ரோட்டில் நிற்பதைக் கணவன் பார்த்தான். வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு மாடி ஏறினான்.

"மச்சான், சாவி."

"கொஞ்சம் பொறு மாப்ள, இப்பத்தான் வழிக்கு வர்றா."

அவன் கதவை உதைத்தான். அவள் போர்வையில் இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கண் மேலே சொருகியது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. தூக்கிக்கொண்டு இறங்கி, பயணிகளோடு பஸ்ஸை ஆஸ்பத்திரிக்கு விட்டான். நடுக்கமும் அவர்களோடு வந்தது. வழி மாறியதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்தவர் ஒரே கேள்வியில் முடித்தார். "குடி கேஸா? இங்க பெட் இல்ல."

"குடிக்கலைங்க. நிறுத்திட்டா. அதனாலதான் இப்படி."

"நிறுத்தினா நல்லதுதானேய்யா?"

அப்போது ஆஸ்பத்திரி நடுங்கத் தொடங்கியது. விளக்குகள் ஊசலாடின, மருந்து அலமாரி சாய்ந்தது. வலிப்புக்குக் கிடைக்காத கட்டில், கண்ணாடி உடைந்ததும் கிடைத்தது.

டூட்டி டாக்டர் இளம்பெண். ஊசி போட்டுக்கொண்டே திட்டினாள். "யாரு பூட்டச் சொன்னது? நீங்க டிரைவர்தானே? பிரேக்கை அழுத்திப் பிடிச்ச வண்டி ஓடணும்னா என்ன செய்வீங்க, ஆக்சிலேட்டரை இன்னும் மிதிக்கணும் இல்லையா? சாராயம் மூளைக்குப் பிரேக். இவங்க மூளை வருஷக்கணக்கா ஆக்சிலேட்டரை மிதிச்சே பழகிடுச்சு. நீங்க பிரேக்கை மட்டும் பிடுங்கிட்டீங்க." மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்து, மெல்ல மெல்ல இறக்கியிருக்க வேண்டும் என்றாள். அவன் கேட்டுக்கொண்டான். இவ்வளவு சின்ன விஷயத்தை ஆலை சொல்லவில்லை, பாட்டில் மேல் ஒட்டிய சீட்டு சொல்லவில்லை, கட்டுப்பாடு பேசிய டாக்டர் சொல்லவில்லை. மானத்தைப் பற்றி மட்டும் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

மருந்து ஏறியதும் அவளும் ஆஸ்பத்திரியும் கொஞ்சம் அடங்கினார்கள். அவள் கண் திறந்தாள்.

"வண்டிய எங்க விட்ட?"

"வாசல்ல."

"ஜனங்க?"

"உள்ளதான் இருக்காங்க."

"போய் இறக்கி விடுப்பா, பாவம்" என்றாள். அவன் போகவில்லை. மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் ஏறி, மத்தியானம் இதயம் தாளம் தப்பி நின்றது. ஆஸ்பத்திரி அசைவற்று நின்றது.

அதே நேரத்தில் ஆலை நடுங்கத் தொடங்கியது. பொறியாளர்கள் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. சில நாட்கள் பாட்டில்கள் உடைந்தன. பிறகு ரப்பர் தாங்கிகள் வந்தன. நடுக்கத்தில் சரக்கு தானாகக் கலக்கிறது என்று கண்டுபிடித்த மேலாளர், கலக்கும் இயந்திரங்களைக் கழற்றிவிட்டார், பதவி உயர்வும் பெற்றார். ருசி பார்க்கப் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். அவனும் விழுங்குகிறான்.

கணவன் இப்போது அந்த வழியில்தான் ஓட்டுகிறான். ஆலை நிறுத்தம் நெருங்கும்போது, பயணிகள் பேச்சை விடாமலே கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் கைக்குழந்தைக்காரிக்கு யாராவது எழுந்து இடம் கொடுக்கிறார்கள். ஏன் இப்படி ஆடுகிறது என்று புதிதாக ஏறியவர் கேட்டால், ஆலை நிறுத்தம் என்கிறார் நடத்துனர். கேட்டவரும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்.