பிரார்த்தனைக்குப் போன பத்து நிமிடம்

எங்கள் பிஸ்கட் ஆலையில் ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம் எல்லா இயந்திரங்களும் நிற்கும். மாவைத் தகடாக இழுக்கும் இரட்டை உருளைகளில் காய்ந்து ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுக்கும் நேரம் அது. சுரண்டாவிட்டால் அடுத்த ஷிப்டில் தகடு கிழிந்து கிழிந்து வரும், உருளைக்காரனுக்கு வசவு விழும். என் தம்பிதான் அந்த உருளையில் நின்றான். நான் பேக்கிங்கில்.

தேர்தல் வந்தது. முதலாளியின் மச்சான் வேட்பாளர் ஆனார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பக்திமான். கல்யாண வீடோ சாவு வீடோ, மைக் கையில் கிடைத்தால் கடவுளை இழுக்காமல் கீழே வைக்கமாட்டார். வேலை நடக்கும் இடமெல்லாம் வழிபாடு என்பதுதான் அவருடைய வாக்குறுதி. அதைத் தொடங்கிவைக்க அக்கா புருஷனின் ஆலையை விட்டால் வேறு எது? ஒரு காலையில் ஆட்களோடு வந்தார், எங்களை வரிசையாக நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னார், படம் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அந்தப் பத்து நிமிடமும் பிரார்த்தனைக்குப் போய்விட்டது. கடவுள் வந்து கேட்டாரா என்ன? உற்பத்தி நேரத்தில் ஒரு நொடியைக் கொடுக்க முதலாளிக்கு மனம் வரவில்லை, நாங்கள் சுரண்டும் நேரத்தைத் தூக்கிக் கொடுத்தார். அடுத்தவன் பையிலிருந்து எடுத்துத் தானம் செய்வதில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எங்கள் மேசையில் வேறு சாமியைக் கும்பிடும் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பிரார்த்தனை முடியும்வரை வெளியே நில்லுங்கள் என்றார்கள் முதலில். பிறகு, வெளியே நிற்கிறவர்களுக்கு உள்ளே எதற்கு வேலை என்று இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார்கள். "நல்லவேளை, நாமெல்லாம் இந்தச் சாமி" என்று பக்கத்திலிருந்தவள் என் காதில் சொன்னாள். அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது.

இன்னொன்றும் செய்தார்கள். முன்பெல்லாம் சூப்பர்வைசர் சுவிட்சைத் தொடுமுன் "கையெடு!" என்று கத்துவார். உருளைக்காரன் "எடுத்தாச்சு!" என்று திருப்பிக் கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். பிரார்த்தனை முடிந்த கையோடு இப்படிக் காட்டுக்கத்தல் கத்துவது நன்றாகவா இருக்கிறது என்று முகம் சுளித்தார் பக்திமான். கத்தக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார். பிரார்த்தனையின் கடைசி வரி முடிந்ததும் சுவிட்ச் விழும், அவ்வளவுதான்.

எல்லாரும் கண்ணை மூடி நிற்கும்போது தம்பி உருளைக்குள் கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருப்பான். வேறு எப்போது சுரண்டுவான்? ஒருநாள் உள்பக்கம் மாவு நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசி வரி முடிந்தது, சூப்பர்வைசர் கண்ணைத் திறந்து சுவிட்சைப் போட்டார். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் திரும்புவதற்குள் ஆலையில் கதை கட்டிவிட்டார்கள். ஊரே கும்பிட்டபோது இவன் மட்டும் கும்பிடவில்லையாம், கடவுள் தண்டித்துவிட்டாராம். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி அதை என்னிடமே சொன்னாள்.

மறுவாரம் பக்திமானே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட மேனேஜரும் கேமராக்காரரும். மேனேஜர் தம்பியின் கட்டிலில் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்தார்.

"பிரார்த்தனைய மதிக்காம வேலை பாத்தேன், தப்பு என்னோடதுதான், கடவுள் உயிரையாவது விட்டுவெச்சாருன்னு சொல்லு. வாட்ச்மேன் வேலை உனக்குத்தான். ஆயுசுக்கும்."

தம்பி சுவரைப் பார்த்தபடி, "சொல்றேன்" என்றான்.

"சொல்லிப்பாரு, இன்னொரு கைய நானே ஒடிக்கிறேன்" என்றேன்.

"நீ சும்மா இரு அக்கா. ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"



தம்பி மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றிருந்தாள். வாயில்லாப் பூச்சி. அவன் அடிபட்ட நாளிலிருந்து அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்து கும்பிட்டபடியே இருந்தவள். 'உன் சாமி கிழிச்சது போதும்' என்று நான் அவளைத் திட்டியும் இருக்கிறேன். பக்திமானுக்கு அதெல்லாம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். கேமராவை அவள் பக்கம் திருப்பச் சொன்னார்.

"நீ பக்தியுள்ள பொண்ணும்மா. நீயே முதல்ல சொல்லு. நடந்தது யார் செயல்?"

போச்சு, காலில் விழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேமராவுக்கு நேராக வந்தாள்.

"என் சாமிய இதுல இழுக்காதீங்க. நெனவு தெரிஞ்ச நாளா கும்புடுறேன், அது யார் கையையும் கேட்டதில்ல. சுவிட்ச போட்டது சூப்பர்வைசர். கத்தாதேன்னு உத்தரவு போட்டது இந்த சார். போடச் சொன்னது நீங்க. மூணு பேரும் செஞ்சத கொண்டுபோய் அது தலையில கட்டுறீங்களே, உங்களுக்கு பயமாவே இல்லையா? நான் நம்புறவ சார். நீங்க நம்பல. நம்பியிருந்தா இந்தப் பொய்யச் சொல்ல வாய் வந்திருக்குமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. "கேமராவ நிறுத்துய்யா!" என்று பக்திமான் கத்தினார்.

"வாட்ச்மேன் வேலையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது" என்று மேனேஜர் எழுந்தார். மூன்று பேரும் போனார்கள்.

தம்பி விசும்பினான். "எல்லாத்தையும் கெடுத்துட்டியேடி."

அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள், போர்வையைச் சரிசெய்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கெளம்புங்க அண்ணி, போலீஸ் ஸ்டேஷனுக்கு. தேர்தலுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துடணும். இந்த ஆளு ஜெயிச்சுட்டா அப்புறம் அங்கயும் கண்ண மூடிக்கிட்டுதான் நிப்பாங்க."