ஜின்சியின் கடைசித் தியானம்

சாவதற்கும் ஒரு நேரங்காலம் வேண்டாமா இந்த மனுஷனுக்கு என்றுதான் குளோரிக்கு முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனியும் ஆடியும் யாரையும் உள்ளே விடாமல் அடித்துக்கொண்டிருந்த கடல் திங்கட்கிழமைதான் அடங்கியிருந்தது. வள்ளங்கள் இறங்கின. கணவாய் மீன் அப்படி வந்தது! மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்றே காலம் தள்ளிய வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது. புதன்கிழமை காலை அவள் புருஷன் ஏசுஅடிமை செத்துப்போனார்.

அந்தக் கடற்கரையில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடிகிறவரை ஒரு வள்ளமும் இறங்காது. யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் துக்கமணி அடித்தால் போதும், வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஏசுஅடிமையும் ஆயுசு முழுக்க அப்படி அடுத்தவன் சாவுக்குக் கரையில் உட்கார்ந்தவர்தான்.

ஆனால் அவருக்கு ஒரே மகள். அவள் ஆப்பிரிக்காவில் இருந்தாள்.

பி.எட். முடித்த கையோடு ஜின்சி கன்னியாஸ்திரிகளின் தொண்டுக் குழு ஒன்றில் சேர்ந்து உகாண்டாவுக்குப் போனாள். இரண்டு வருஷம், சம்பளம் கிடையாது. ஏதோ ஒரு குக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். "ஊருல எல்லாப் பிள்ளைகளும் கல்ஃபுக்குப் போய்ச் சம்பாதிக்கு. ஒனக்க மவ ஓசியில வேல செய்யக் கடலு தாண்டியிருக்கா" என்று பக்கத்து வீட்டு விக்டோரியா வாய்க்கு வாய் சொல்வாள். குளோரிக்கு அதில் பெருமைதான்.

சில மாசத்துக்கு ஒருமுறை அந்தக் குழுவில் இருப்பவர்களைத் தியானத்துக்கு அனுப்புவார்கள். நம்மூரில் தியானம் என்றால் மைக்கும் பாட்டும் கைதட்டலுமாகக் கூரை பிய்ந்துபோகும். அங்கே வாயே திறக்கக் கூடாதாம். ஊர் திரும்பும் முன் கடைசியாக ஒரு தியானம், எட்டு நாள், போனைக்கூட வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று ஜின்சி சொன்னபோது ஏசுஅடிமை படுக்கையில் கிடந்தபடியே சிரித்தார்.

"ஏ மக்கா, ஒனக்க அம்மையையும் கூட்டிட்டுப் போ. எட்டு நாளு நான் நிம்மதியா இருப்பேன்."

அந்தத் தியானம் ஞாயிற்றுக்கிழமைதான் முடியும். அதற்கடுத்த வியாழக்கிழமை அவள் திருவனந்தபுரத்தில் வந்து இறங்குவதாக இருந்தது.

முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே பங்குச் சாமியார் வந்து குளோரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் அந்த மடத்துக்குப் போன் பண்ணுதேன். இன்னைக்கே பொறப்பட்டா சனிக்கிழமை வந்திரலாம். கருங்கல் டவுன்ல இருந்து ஐஸ் பெட்டி கொண்டுவரச் சொல்லலாம்."

சனிக்கிழமை. அதுவரை ஒரு வள்ளமும் இறங்காது. ஏசுஅடிமையின் தம்பி சிலுவைதான் பேசினான். "வைப்போம் மைனி. பிள்ள வந்து அப்பனுக்க முகத்தப் பாக்கட்டும். கடலு எங்க போயிரும்? நாங்க பொறுத்துக்கிடுவோம்."

நல்லவன், மனசாரத்தான் சொன்னான். ஆனாலும் பந்தலுக்கு வெளியே நின்ற பெண்களின் கண் கடலைப் பார்ப்பதைக் குளோரி கண்டாள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? இன்னும் நாலு நாளில் கணவாய்க் கூட்டம் வேறு ஊர்க் கடலுக்குப் போய்விடும்.

அது ஒரு காரணம். இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் மாசம் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் பழுது என்று டாக்டர் கையை விரித்த அன்று ஜின்சி போன் பண்ணினாள். "அம்மா, அப்பாக்க சத்தமே செரியில்ல. நான் வந்திரட்டா?" என்று கேட்டாள். குளோரி மனசில் ஒரு கணக்குப் போட்டாள். தேவனுக்கு நேர்ந்துகொண்டதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், முழுசாக முடித்துக் கொடுத்தால் புருஷனைத் தருவார். அப்படித்தான் அவள் நம்பினாள். மூடநம்பிக்கை என்று சொன்னால் அடிக்கவே வருவாள். "சும்மா சுகரு கூடியிருக்கு மக்கா. நீ எடையில விட்டுட்டு வராத. அந்தக் கடைசித் தியானத்த அப்பாக்காவ ஒப்புக்கொடு, நல்லாயிருவாரு" என்றாள். ஜின்சி அழுதுவிட்டுச் சரி என்றாள்.

இப்போது கூப்பிட்டால் அந்தப் பொய்யும் வெளியே வரும். போனில் மகளின் குரலைக் கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

"வேண்டாம் சாமி. இன்னைக்கே எடுத்திருவோம். எனக்க வீட்டுச் சாவுக்காவ ஊரு பட்டினி கெடக்கண்டாம்."

"அவகிட்ட ஒரு வார்த்த கேக்காமலா?"

"தியானத்தக் கலைக்காதீங்க. ஞாயித்துக்கெழம அவளே விளிப்பா. நான் சொல்லிக்கிடுதேன்."

சாமியார் தயங்கினார். அதற்குள் பந்தலில் செய்தி பரவிவிட்டது. "எம்மாடி, என்ன மனசு இவளுக்கு!" என்று விக்டோரியா கட்டிப்பிடித்து அழுதாள். குளோரி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலமே அடக்கம் முடிந்தது. மறுநாள் விடியும் முன் எல்லா வள்ளமும் இறங்கின. நல்ல பாடு, வலை கிழிய மீன். பார்க்கிறவர்களெல்லாம் அவளைக் கும்பிடாத குறைதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போன் அடித்தது.

"அம்மோ!" எட்டு நாள் அடக்கி வைத்த குரல் துள்ளிக்கொண்டு வந்தது. "முடிஞ்சாச்சு! ஒரு வார்த்த பேசல்ல, தெரியுமா? எல்லாம் அப்பாக்காவத்தான். அப்பாட்ட குடு, அப்பாட்ட குடு."

தூங்குகிறார் என்று சொல்லலாம் என்றுதான் யோசித்து வைத்திருந்தாள். நாக்கு வரவில்லை.

"அப்பா போயிட்டாரு மக்கா."



"எப்பம்?"

"புதன்கிழமை."

"அடக்கம்?"

"அன்னைக்கே. ஊருல எல்லாரும் ரெண்டு மாசமா கடலு காணாம கெடந்தாவ. நீயும் தியானத்தில..."

"புதன்கிழமையா?" ஜின்சியின் குரல் சின்னதாகிப்போனது. "அன்னைக்குக் காலையில சிஸ்டர் என்னை விளிச்சாங்க. நீ ராத்திரியெல்லாம் அழுத, வேணும்னா வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கோன்னு போனைக் கையில தந்தாங்க. நான் வேண்டாம்னு திருப்பிக் குடுத்தேன். எடையில விட்டா அப்பாக்கு ஆகாதுன்னு நீதானே சொன்ன?"

குளோரி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சுகருக்கா செத்தாரு?"

"கிட்னி. ஜூன்லயே டாக்டரு சொல்லியாச்சு."

"ஜூன்லயே..." அவள் அழுவாள், ஏசுவாள் என்று குளோரி காத்திருந்தாள். ஏசினால்கூடத் தேவலாம் என்றிருந்தது. ஜின்சி ஏசவில்லை. "இங்க இன்னொரு வருஷம் நிக்கியான்னு கேட்டிட்டு இருந்தாங்க. அப்பாவப் பாக்கணும்னு மாட்டேன்னு சொல்லியிருந்தேன். இப்பம் சரின்னு சொல்லிருதேன்."

"மக்கா, நான் ஒருத்தி இருக்கேனே. நீ வா. அந்தக் குழிய வந்து பாரு."

"குழியப் பாக்கதுக்கா வரணும்? முகத்தப் பாக்கதுக்கு நீ விடல்லியே அம்மா."

போனை வைத்துவிட்டாள். குளோரி திரும்பத் திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை.

மத்தியானம் சிலுவை வந்தான். மூன்று நாள் நல்ல பாடு கிடைத்ததில் முகம் தெளிந்திருந்தது. வாசலில் நின்றே கேட்டான்.

"பிள்ள பேசினாளா மைனி? வியாழக்கிழமை ஏர்ப்போட்டுக்கு வேன் சொல்லணும்லா. நாங்க எல்லாரும் வாறோம். ஒரு நாளு கடலுக்குப் போவல்லன்னா என்ன?"

குளோரி அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேனு வேண்டாம் சிலுவ. நீங்க கடலுக்குப் போங்க."