முல்லகூனில் சங்கு ஊதினால்

1

காலை பத்தே கால். ஜூன் மாதம், எங்கள் பக்கத்தில் குளிர்காலம். முல்லகூனில் புல்மேல் உறைபனி இன்னும் வெள்ளையாகக் கிடந்தபோது தீச்சங்கு ஊதியது.

இந்தக் கதை அந்தச் சங்கிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் பிறகு சேர்த்தது.

அது எண்பத்தாறாம் வருடம். நாட்டின் பழைய கதைகளையெல்லாம் ஆறு பகுதி, எட்டு பகுதி என்று தொலைக்காட்சிக்காக எடுத்துக்கொண்டிருந்த காலம். கைதிகள், சுரங்கங்கள், போர்கள், வெள்ளங்கள். எங்களுக்கு ஒரு தீ கிடைத்தது. ஐம்பத்திரண்டாம் வருடக் கோடையில் முல்லகூனின் வடபாதியை எரித்த தீ. நான்கு பேர் இறந்தார்கள். ஆறு பகுதிகள். நான்காவது பகுதியை நான் எழுதினேன். தீ வருவது அதில்தான்.

கோடையில் தீயை எடுக்க யாரும் விடமாட்டார்கள். எனவே குளிர்காலத்தில் எடுத்தோம். நடிகர்கள் மெல்லிய சட்டையில் நடுங்கினார்கள். முகத்தில் வியர்வைக்காகத் தண்ணீர் தெளித்தோம். பேசும்போது வாயிலிருந்து ஆவி வரக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு காட்சிக்கும் முன் வாயில் ஐஸ்கட்டி போட்டுக்கொண்டார்கள். வெப்பத்தைப் பற்றிய வசனங்கள் எல்லாம் உறைந்த நாக்கால் பேசப்பட்டவை.

ஊர்க்காரர்களே துணை நடிகர்கள். தங்கள் அப்பாக்களின் தொப்பியை அணிந்து தங்கள் அப்பாக்களாக நின்றார்கள். அன்று தேவாலயத்தின் முன் கூட்டமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குமுன் ஒலிப்பதிவுக்காரர் சங்கின் சத்தத்தைத் தனியாகப் பதிவுசெய்ய விரும்பினார். கைப்பிடியைச் சுழற்றி ஊதும் அந்தப் பழைய சங்கை ஊர் இன்னும் பத்திரமாக வைத்திருந்தது. எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. அவர் சுழற்றினார்.

கூட்டம் ஓடியது.

ஐம்பத்திரண்டாம் வருடத்து உடையில், தொப்பியைப் பிடித்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிக்கொண்டு, பாதிரியார் வேடம் போட்டவர் அங்கியோடு, சாலையைக் கடந்து தீயணைப்புக் கொட்டகைக்கு ஓடினார்கள். உள்ளே நின்ற வண்டியை ஒவ்வொருவராகத் தொட்டார்கள். பிறகு திரும்பி நடந்து வந்து, நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

இயக்குநர் லாயிட் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார்.

"மெர்வ், இது படப்பிடிப்புன்னு சொன்னோமா இல்லையா?"

மெர்வ் அந்த ஊர் தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவன். "சொன்னீங்க."

"சத்தம் பதியத்தான் சுத்தறோம்னும் சொன்னோம்."

"அதையும் சொன்னீங்க, லாயிட்."

"அப்புறம் ஏன்யா ஓடினீங்க?"

"சங்கு ஊதுச்சே."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "அடுத்த தடவை மெதுவா ஊதச் சொல்லு. மெதுவா ஓடறோம்."

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

'க்ளாரி ஹாகர்ட் ஒரு குடிகாரன்.' (என் திரைக்கதைக் குறிப்பின் முதல் வரி. இதைக் கதைக்கும் முதல் வரியாக வைத்தால் கூர்மையாக இருக்கும். ஆனால் பொய்.)

'ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வடக்கு மேட்டைத் தாண்டிப் புகை—' (நான் அங்கே இல்லை.)

'முல்லகூனுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.' (உண்மை. ஆனால் நன்றியில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன். எனவே அதை இங்கே, அடைப்புக்குறிக்குள், நீங்கள் கொஞ்சம் உள்ளே வந்த பிறகு வைக்கிறேன்.)

3

க்ளாரியைக் குடிகாரன் என்று எனக்குச் சொன்னவர் ஆர்ச் டன்ஃபி. எழுபதைக் கடந்தவர். கைத்தடி. அந்தத் தீயில் அவருடைய மனைவி ஐவி இறந்தாள். அவர் சமையலறையில் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிவுசெய்தேன்.

"அன்னைக்கு நான் தெற்கே வேலி கட்டிக்கிட்டு இருந்தேன். சங்கை ஊத வேண்டியவன் க்ளாரி. அவன் பார்ல உக்காந்திருந்தான். கடைசியில தள்ளாடிக்கிட்டு வந்து ஊதினான், எல்லாம் எரிஞ்சப்புறம்."

"நீங்க பார்த்தீங்களா, ஆர்ச்?"

"பாக்கணுமா என்ன? ஊருக்கே தெரியும். சங்கு நேரத்துக்கு ஊதியிருந்தா நான் வேலியிலேயே நின்னிருப்பேனா?"

நம்பினேன். எழுதினேன். வேறு சிலரையும் கேட்டேன். அதையே, ஏறக்குறைய அதே சொற்களில் சொன்னார்கள். சாட்சிகள் ஒத்துப்போகிறார்கள் என்று மகிழ்ந்தேன்.

[ஆர்ச் என்ற பாத்திரம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்தக் கதையின் முதல் பிரதியில் அவருக்குக் கடுமையான முகம் கொடுத்திருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் நான் தங்கியிருந்த விடுதி அவர் வீட்டுக்கு எதிரே. தினமும் காலையில் நான் எழுவதற்குள் அவர் சாலையைக் கடந்து வந்து, என் காரின் கண்ணாடியில் உறைந்த பனிமேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். நான் கேட்டதில்லை. அவர் சொன்னதுமில்லை. இதைச் செய்கிற கைகளுக்குக் கடுமையான முகத்தை எப்படி ஒட்டவைப்பது? அந்த வரிகளை அடித்துவிட்டேன்.]

மெர்விடம் ஓட்டத்தைப் பற்றிக் கேட்டேன்.

"சங்கு ஊதினா ஓடணும், சிட்னி." நான் சிட்னியிலிருந்து வந்தவள். அந்த ஊரில் அதுவே என் பெயர். "சும்மா சோதிச்சுப் பாக்க ஊதினாலும் ஓடணும். வண்டியைத் தொடணும். தொட்டுட்டு வீட்டுக்குப் போகலாம்."

"பக்கத்து ஊர்ல அப்படி இல்லையே."

"பக்கத்து ஊர்ல பீர்கூட ஜில்லுனு இருக்கும். அதுக்கு நான் என்ன பண்ண?"

"எப்போலேருந்து இந்த வழக்கம்?"

"எப்பவுமே. எங்கப்பா ஓடினாரு. நான் ஓடறேன்."

4

ஓடாத ஒருத்தி இருந்தாள். அதைப் பார்த்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

நோரீன், க்ளாரியின் மகள். நாற்பத்துநாலு வயது. படக்குழுவுக்குத் தேநீரும் ரொட்டியும் செய்து கொடுத்தாள். அவள் அப்பாவைப் பற்றி நாங்கள் என்ன எடுக்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு மட்டும் ஜாம் கூடுதலாக வைப்பாள். அது அன்பா, குத்தலா என்று எனக்குப் புரியவில்லை.

சங்கு ஊதியபோது நோரீன் மேசைக்குப் பின்னால் நின்று இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி. சத்தம் நின்றபின்னும் கைகளை எடுக்கவில்லை.

மதியம் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். துடைக்கிற துணியை நான் எடுத்தேன்.

"நாளைக்கு எங்கப்பாவைக் குடிக்க வைக்கப் போறீங்களா, சிட்னி?"

"திரைக்கதையில அப்படித்தான் இருக்கு."

"என்ன குடிக்கறாரு?"

"பீர்."

"பீர் அவருக்குப் பிடிக்காது. ரம்தான். அதுவும் தீக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி ஒரு சொட்டு தொட்டதில்ல. குடி அப்புறம் வந்தது. ஊரு அதை எடுத்து முன்னாடி வெச்சுக்கிச்சு."

நான் துடைப்பதை நிறுத்தினேன்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு அப்பா சங்கைச் சோதிச்சுப் பாப்பாரு. கொஞ்ச நேரம் சுத்திட்டு நிறுத்திடுவாரு. கடிகாரத்தைச் சரி பண்ணிக்க எல்லாருக்கும் அது வசதி. தீ வந்ததும் சனிக்கிழமை. பத்து மணி. எனக்குப் பத்து வயசு. பக்கத்துல நின்னேன். அப்பா மேட்டுக்கு மேல புகையைப் பாத்தாரு. சுத்த ஆரம்பிச்சாரு."

"யாரும் வரலையா?"

"எதுக்கு வரணும்? சனிக்கிழமை, பத்து மணி. அவரு சுத்திக்கிட்டே இருந்தாரு. கை மாத்தி மாத்தி. நான் காதைப் பொத்திக்கிட்டேன். தெருவுல ஒருத்தர் சைக்கிள்ல போனாரு. 'க்ளாரிக்கு இன்னைக்குக் கை ஓயலையே'ன்னு சிரிச்சுட்டுப் போனாரு."

கடைசிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"எல்லாருக்கும் கேட்டுச்சு. எல்லாரும் கேக்கலைன்னாங்க. அப்புறம் அடுத்த தடவை சோதிச்சப்போ, யாரும் சொல்லாமலே, மொத்த ஊரும் ஓடி வந்துச்சு."

5

அன்று மாலை அந்தக் காட்சியை எழுதினேன். சங்கு ஊதுகிறது. ஐவி துணி காயப்போடுகிறாள், தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஒருவன் கைக்கடிகாரத்தைத் திருகுகிறான். ஆர்ச் வேலிக்கம்பியை இழுத்துக் கட்டுகிறார். சங்கு நிற்கவில்லை. துணி காற்றில்—

நான் எழுதியதிலேயே சிறந்த காட்சி அது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கள் அதைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை நோரீனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருக்க. இது வேணாம்."

"இதுதானே நடந்தது?"

"இதுதான் நடந்தது. செத்த நாலு பேருக்கும் சங்கு கேட்டுச்சு. கேட்டும் நகரலன்னு நான் தொலைக்காட்சியில சொல்லணுமா? ஐவி எனக்குப் பின்னல் போட்டு விட்டவ."

"அப்போ உங்கப்பா?"

"அவரை பார்லேருந்து வெளியே எடு. கையில சங்கைக் குடு. அது போதும்."

"பாக்கறவங்களுக்குப் புரியாது, நோரீன்."

"புரியவேண்டியவங்களுக்குப் புரியும். மத்ததை இவங்களே ஓடி ஓடிச் சொல்லிக்கிட்டுதான் இருக்காங்க." பிறகு, "முப்பத்துநாலு வருஷமா அப்பாவைப் பத்திக் கேட்டவ நீ ஒருத்திதான். அதுவும் தப்பாக் கேட்ட. பரவால்ல" என்றாள்.

ஜாம் அன்றும் கூடுதலாகத்தான் இருந்தது.

மதுக்கடைக் காட்சியை நீக்கிவிட்டேன். லாயிட் புதிய பக்கத்தைப் படித்தார்.

"சங்கு ஊதுது. அடுத்த காட்சியில ஊரு எரியுது. நடுவுல ஜனங்க என்ன செஞ்சாங்க?"

"காட்டலை."

"ஏன்?"

எனக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை. அவர் என்னைப் பார்த்தார். தேநீர் மேசையைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த கொட்டகையைப் பார்த்தார். அவர் எவ்வளவு புரிந்துகொண்டார் என்று இன்றுவரை தெரியாது.

"ஐஸ் கொண்டு வாங்க" என்றார்.

க்ளாரியாக நடித்தவர் ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு சங்கின் முன் போய் நின்றார். லாயிட்டுக்கு என் நன்றி அந்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறது.

[அன்று எத்தனை முறை எடுத்தோமோ அத்தனை முறையும் துணை நடிகர்கள் ஓடினார்கள். நான்காவது முறைக்குப் பிறகு லாயிட் அதைக் கால அட்டவணையில் சேர்த்துவிட்டார். 'ஓட்டம், தேநீர்.']

படம் ஒளிபரப்பான வாரத்தில் ஒரு செய்தித்தாள் விமர்சகர் எழுதினார்: 'நான்காவது பகுதியில் கதையில் ஒரு பெரிய ஓட்டை. எச்சரிக்கை கிடைத்தும் ஊர் ஏன் அசையவில்லை என்பதற்கு எழுத்தாளரிடம் பதில் இல்லை.' அவர் சொன்னது சரி. அந்த ஓட்டை நான் பார்த்துப் பார்த்து விட்டது. இப்போது நோரீனும் இல்லை, ஆர்ச்சும் இல்லை. அதனால்தான் அதை இங்கே நிரப்புகிறேன். செய்யலாமா என்று நோரீன் போவதற்கு முந்தைய வருடம் கேட்டேன். "எல்லாரும் போனப்புறம் எழுதிக்கோ. ஐவியை நல்லவளா எழுது" என்றாள். எழுதியிருக்கிறேனா என்று தெரியவில்லை. அவளுக்கு இந்தக் கதையில் கிடைத்தது ஒரு துணிக்கொடியும் ஒரு பின்னலும்தான். நல்லவளாகவே இருந்தாள்.

6

இனி முடிவு.

நான்காவது பகுதி ஒரு ஞாயிறு மாலை வந்தது. முல்லகூன் மண்டபத்தில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வைத்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில், கதவருகே. நோரீன் நடுவில். ஆர்ச் முன்வரிசையில்.

திரையில் க்ளாரி வடக்கு மேட்டைப் பார்த்தார். சங்கின் கைப்பிடியைப் பிடித்தார். பக்கத்தில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். அவர் சுழற்றினார். நிறுத்தவில்லை. கை மாற்றினார். சுழற்றினார்.

மண்டபத்தில் யாரும் ஓடவில்லை. தொலைக்காட்சிச் சங்குக்கு ஓட வேண்டியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆர்ச் எழுந்தார். கைத்தடியை ஊன்றி, வரிசைகளுக்கு நடுவே நடந்து, என்னைக் கடந்து வெளியே போனார். கதவு திறந்திருந்தது. அவர் சாலையைக் கடப்பதைப் பார்த்தேன். ஓட முயன்றார். முழங்கால் விடவில்லை. கொட்டகைக்குள் போனார். வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார்.

திரும்பி வந்தார். திரையில் ஊர் எரிந்துகொண்டிருந்தது; சங்கு இன்னும் நிற்கவில்லை. அவர் தன் இடத்துக்குப் போகவில்லை. நோரீனின் நாற்காலி அருகே நின்றார்.

இந்த இடத்தில் பல முடிவுகள் எழுதிப் பார்த்தேன். நோரீன் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறாள். (மிக இனிப்பு.) நோரீன் எழுந்து வெளியே போகிறாள். (அவள் அப்படிப்பட்டவள் இல்லை.) நோரீன், "உக்காருங்க ஆர்ச், மறைக்குது" என்கிறாள். மண்டபம் சிரிக்கிறது. (இது அவளுக்குப் பொருந்தும். ஆனால் எழுதியவுடன், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நான் என்னையே ஒளித்துக்கொள்வதாகப் பட்டது.)

அவள் உண்மையில் செய்ததை நான் பார்த்தேன். எழுதமாட்டேன். அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். உங்கள் அப்பா திரையில் இன்னும் சுழற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு கிழவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார். குனிகிறார்.

"அன்னைக்கு எனக்கும் கேட்டுச்சு, நோரீன்."