கீழ் வீடு தேடுகிறவருக்கு ஒரு முதல் வாக்கியம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. "முன்பின் தெரியாதவங்ககிட்ட பேச்சுக் குடுத்தா நல்லது நடக்கும்னு ஒரு கதை வேணும் சார். படிச்சா மனசு லேசாகணும்" என்றார் வார இதழின் ஆசிரியர். முடிவெட்டும் கடையில் யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதென்று கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "ரயில் ஜன்னலோரம், முன்பின் அறியாத இருவர்..." வேண்டாம். ரயிலில் சந்தித்துக்கொள்பவர்களின் கதைகளை ஏற்ற இனி பெட்டி போதாது.

இரண்டாவது: "கண்ணாடிக்காரருக்குத் தன் மனைவியின் வாயைக் கண்டால் பயம்." பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி எங்கே போனாலும் பக்கத்தில் இருப்பவரிடம் "எங்க போறீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் பேருந்தில் இவர் தள்ளிப்போய் உட்கார்ந்து, யாரோ எவரோ போல வெளியே பார்ப்பார்.

அவர்கள் குடியிருந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கண்ணாடிக்காரரின் அப்பாவால் படி ஏற முடியாது. ஆகவே கீழ் வீடுதான் வேண்டும். அலைந்து அலைந்து ஒன்று கிடைத்தது. சலவைக் கடையில் நின்ற யாரோ ஒருவர் மனைவியிடம் சொன்ன வீடு. காலையில் போய்ப் பார்த்தார்கள். "யோசிச்சு சாயங்காலம் சொல்றேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

திரும்பி வரும்போது பேருந்தில் மனைவி:

"மாமாவுக்கு முட்டி சரியில்லைங்க. அதான் கீழ் வீடா பாத்தோம். நல்ல காத்து. தபாலாபீஸுக்குப் பின்னாடி, பச்சை கேட்டு."

"பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த நர்ஸ்.

"எங்க? எங்க வீட்டுக்காரர் எதையும் யோசிச்சுதான் சொல்வார். அதோ, முன்னாடி ஒரு சொட்டை தெரியுதே, அவர்தான்."

அடுத்த நிறுத்தத்தில் நர்ஸ் இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்த்திசைப் பேருந்துக்காக நின்றார்.*

[* ஆசிரியர் கேட்ட கதை இந்த இடத்திலேயே படுத்துவிட்டது. நர்ஸைக் கொஞ்சம் நல்லவராக்கி, இறங்கவிடாமல் பிடித்துவைக்கப் பார்த்தேன். அவரும் வீடு தேடி அலுத்தவர். இறங்கிவிட்டார்.]

4

"சாவி குடுத்தாச்சே" என்றார் சாயங்காலம் பச்சை கேட்டு வீட்டின் உரிமையாளர். "ஒரு நர்ஸம்மா வந்தாங்க. நீங்க சொல்லித்தான் வந்ததா சொன்னாங்க."

தெருவிலேயே ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர். "போற வர்றவங்களுக்கெல்லாம் புரோக்கர் வேலை பாக்கறியா? இனிமே வெளியில வாயைத் திறந்து பாரு."

"திறக்கல" என்றார் மனைவி.

அவர் சொன்னபடியே செய்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பேச்சைப் பற்றிய கதையில் பேசக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டால் எழுதுகிறவன் எங்கே போவான்? கண்ணாடிக்காரர் பாடு அதைவிட மோசம். புரோக்கர் காட்டிய வீடெல்லாம் மாடியில் இருந்தது. இதுவரை தேறிய ஒரே கீழ் வீடும் எவரோ ஒருவர் மனைவியிடம் போகிறபோக்கில் சொன்னதுதான் என்பது அவருக்கு இப்போது உறைத்தது. மாதம் தேய்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் அப்பா வேறு. "ஏம்ப்பா, அந்த லாரி டிரைவர் பொண்ணு பரீட்சை பாஸாயிடுச்சா?"

"எந்த லாரி டிரைவர்?"

"மருமக பஸ்ல பார்த்ததா சொன்னாளே. உன்கிட்ட போய்க் கேட்டேன் பாரு."

5

முடிவுகள்:

(அ) நர்ஸ் மனம் வருந்திச் சாவியைத் திருப்பித் தருகிறார். (ஆசிரியருக்கு இதுதான் வேண்டும். "ஏன் தரணும்?" என்றேன். "கதைதானே சார்" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன்.)

(ஆ) கண்ணாடிக்காரர் பச்சை கேட்டு முன்னால் நின்று சத்தம் போட, அக்கம்பக்கத்தார் கூடி... இல்லை. அவருக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.

(இ) சாப்பிடும்போது மனைவி, கணவரைப் பார்க்காமல், மாமனாரிடம் மட்டும் சொல்கிறார்: "அந்த நர்ஸ் பச்சை கேட்டு வீட்டுக்குப் போயிட்டா, அவங்க இருந்த வீடு காலியாத்தானே இருக்கும், மாமா?"

"அது கீழ் வீடாம்மா?"

"கேக்கறதுக்குள்ள இறங்கிட்டாங்க. இப்பதான் நான் வெளியில பேசறதில்லையே."

அப்பா மகனைப் பார்த்தார். மகன் தட்டைப் பார்த்தார்.

6

(இ)-யை எடுத்துக்கொண்டேன். மறுநாள் கண்ணாடிக்காரர் கடையைத் திறக்காமல் பச்சை கேட்டுக்குப் போய் மணியை அடித்தார். நர்ஸ் கதவைத் திறந்தார். ஒரு காலில் ஷூ, மற்றது கையில்.

"என்னங்க வேணும்? டியூட்டிக்கு நேரமாச்சு."

கண்ணாடிக்காரர் தானாக ஒருவரிடம் பேச்சைத் தொடங்கியதே கிடையாது. "வலது கண்ணை மூடிக்கிட்டுக் கடைசி வரியைப் படிங்க" என்பதைத் தவிர. அவருக்காக நான் எழுதிப் பார்த்தவை:

"நீங்கதானே அன்னிக்கு..." சண்டைக்கு வந்தது போல இருக்கிறது.

"மேடம், தங்களிடம் ஒரு வேண்டுகோள்..." மனு.

"என் மனைவி உங்ககிட்ட ஏதோ உளறிட்டாளாம்..." இதை அடித்தேன். இன்னொரு தடவை அந்த அம்மாளை விட்டுக்கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

என் கைவசம் இருந்தது இவ்வளவுதான். நீங்கள் வாழ்க்கையில் யாரிடமாவது முதலில் வாயைத் திறந்திருப்பீர்கள். அன்று என்ன சொல்லித் தொடங்கினீர்களோ, அதை அவருக்குக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். நர்ஸ் இரண்டாவது ஷூவையும் மாட்டிவிட்டார். இப்போது நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.